வெயிலுக்கு ஒரு மாதம், தண்ணீருக்கு வேறு மாதம்

போன மே மாதம் ஒரு நாள் ராத்திரி பத்து மணி இருக்கும். அக்கா மகன் டொரண்டோவில் இருந்து வீடியோவில் கூப்பிட்டான். அங்கே படிக்கப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவனுக்குப் பின்னால் பளீரென்று நண்பகல் வெயில். பையனோ தடித்த ஜாக்கெட்டுக்குள் சுருண்டு கிடக்கிறான். தலையில் துண்டு, பல் தந்தியடிக்கிறது.

"மாமா, இங்க இன்னைக்கு 26 டிகிரியாக்கும். நம்ம ஊரு மாதிரி வெயிலு. எல்லாரும் கரையில துண்டு விரிச்சுப் படுத்துக் கிடந்தாங்க. நான் மட்டும் ஓடிப்போய் ஏரியில சாடினேன். மூச்சு நின்னு போச்சு மாமா!"

ஏழு வயதில் ஊர்க் குளத்தில் நீச்சல் படித்தவன் அவன். படிக்கட்டில் இறங்கும் பழக்கமே கிடையாது, மதகு மேல் ஏறித் தலைகுப்புறச் சாடுவதுதான் வழக்கம். அப்படிப்பட்டவன் இடுப்பளவு ஆழத்தில் நின்று கைகால் உதறித் தவழ்ந்து கரையேறியிருக்கிறான். அவன் கேட்ட கேள்வி நியாயமானது: வெயில் 26 என்றால் தண்ணீர் எப்படி ஐஸ் மாதிரி இருக்கும்?

அவன் சாடியது டொரண்டோவின் கரையில் கிடக்கும் ஒன்டாரியோ ஏரியில். அன்றைக்கு அந்த ஏரித் தண்ணீர் எட்டு டிகிரியைத் தாண்டியிருக்காது. அப்போது தூக்கக் கலக்கத்தில் ஏதோ சொல்லி வைத்தேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை இப்படிக் குளிர்நாடுகளில் இருக்கிறது, எல்லாம் குளத்திலும் கடலிலும் கிடந்து வளர்ந்த பிள்ளைகள். அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

மார்கழிக் குளம்

அவனுக்கு நடந்ததற்கு நேர் எதிரான அனுபவம் நமக்கு எல்லாம் உண்டு. மார்கழி விடியற்காலை. காற்று சிலுசிலுவென்று இருக்கிறது. குளத்துப் படியில் நின்று சட்டையைக் கழற்றவே மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தால், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது! குளத்தின் மேல் லேசாக ஆவி வேறு புகைகிறது. கழுத்தளவு இறங்கிவிட்டால் அப்புறம் வெளியே வரத்தான் பயம். "அடியில யாரோ அடுப்பு கூட்டியிருக்கான்" என்பார் எங்கள் பாட்டி.

அடுப்பு நேற்றைய வெயில்தான். ராத்திரியில் காற்று ஆறிவிட்டது, குளம் ஆறவில்லை.

சூடாவதிலும் சரி, ஆறுவதிலும் சரி, தண்ணீரைப் போல மந்தமான பொருள் குறைவு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ இரும்புக்கு 0.45 போதும், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. காற்றோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஒரு பெட்டி நிறையக் காற்றைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல 3,000 மடங்குக்கும் மேல் வேண்டும், அதே பெட்டி நிறையத் தண்ணீரைச் சூடாக்க. ஒரு நாள் வெயில் காற்றை 26 டிகிரிக்கு ஏற்றிவிடும். தண்ணீரை அசைக்கக்கூட அதனால் முடியாது.

நம் குளத்தின் நினைவு ஒரு ராத்திரி அளவுக்குத்தான் நீளும். ஒன்டாரியோ ஏரியின் நினைவு அரை வருஷம் நீளும். மே மாதத்தில் என் மருமகன் சாடியது மே மாத ஏரியில் அல்ல. அது பிப்ரவரியை இன்னும் மறக்காத ஏரி.

ஆழம் எவ்வளவு என்று தெரிந்தால் இந்த மறதியின்மை புரியும். அளவுகோலாக நம் கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையையே எடுத்துக்கொள்வோம், பீடத்தோடு சேர்த்து 133 அடி. ஒன்டாரியோ ஏரியின் மிக ஆழமான இடம் 244 மீட்டர். ஆறு சிலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினாலும் மேலே தலை தெரியாது. வட அமெரிக்காவின் ஐந்து பெரிய ஏரிகள் என்னும் அதே வரிசையில் உள்ள சுப்பீரியர் ஏரி 406 மீட்டர், பத்து சிலை. ஈரி ஏரி மட்டும் ஒன்றரை சிலைதான், அதன் சராசரி ஆழம் 62 அடி. நம் பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி என்பதை நினைத்துக்கொண்டால் ஈரி நமக்குப் பழகிய அளவில் வந்துவிடும்.

இந்த ஆழக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐந்து பெரிய ஏரிகளில் கோடையில் அதிகம் சூடாவது ஈரி, ஆகஸ்டில் 23, 24 டிகிரி வரை வரும். குளிர்காலத்தில் அதிகம் உறைவதும் அதே ஈரிதான். இரண்டுக்கும் காரணம் ஆழம் குறைவு. சின்னச் சட்டியில் வெந்நீர் சீக்கிரம் கொதிக்கும், சீக்கிரம் ஆறவும் செய்யும். கல்யாண வீட்டு அண்டாவுக்கு இரண்டும் மெதுவாகத்தான் நடக்கும். ஒன்டாரியோ ஏரி அண்டா. பெரும்பாலான வருஷங்களில் அதன் நடுப்பகுதி உறைவதே இல்லை. சுப்பீரியரோ கோடையின் உச்சத்தில்கூட நடு ஏரியில் 15, 16 டிகிரியைத் தொட்டால் பெரிய விஷயம்.

நாலு டிகிரி என்னும் வினோதம்

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மீதி எல்லாம் இதில் இருந்துதான் வருகிறது.

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கும், கனக்கும். தண்ணீரும் அப்படித்தான், ஆனால் நாலு டிகிரி வரைக்கும்தான். அதற்குக் கீழே குளிர்ந்தால் அது திரும்பவும் விரிய ஆரம்பிக்கிறது, லேசாகிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் 25 டிகிரியில் 997 கிலோ. நாலு டிகிரியில் 1,000 கிலோ. உறைந்து ஐஸ் ஆகிவிட்டால் அதே அளவுக்கு 917 கிலோதான். அதனால்தான் சர்பத்தில் ஐஸ் கட்டி மிதக்கிறது. அதனால்தான் ஏரி மேலிருந்து உறைகிறது, அடியில் மீன் பிழைத்துக் கிடக்கிறது.

இப்போது ஒரு வருஷத்தை ஓட்டிப் பார்ப்போம். பிப்ரவரியில் ஒரு சின்ன வடநாட்டு ஏரி. மேலே ஐஸ், அதை ஒட்டிப் பூஜ்யம் டிகிரித் தண்ணீர், அடியில் நாலு டிகிரி. நம் குளத்தில் சூடானது மேலே, குளிர்ந்தது கீழே. அங்கே குளிர்காலத்தில் இது தலைகீழ்: அதிகம் குளிர்ந்தது மேலே.

ஏப்ரலில் ஐஸ் உருகும். வெயில் பட்டு மேல்தண்ணீர் ஒன்று, இரண்டு, மூன்று டிகிரி என்று ஏறும்போது அது கனத்துக்கொண்டே போகிறது. கனத்தது மூழ்கும். அதாவது வெயில் கொடுக்கும் சூடு மேலே தங்காமல் அடிக்குப் போய்விடுகிறது. மொத்த ஏரியும் நாலு டிகிரிக்கு வந்து சேரும் வரை இது நிற்காது. அந்த நேரத்தில் காற்று அடித்தால் மேலிருந்து அடி வரை ஏரி முழுவதும் புரளும். அடிக்கு ஆக்சிஜன் போவது இப்படித்தான். ஏரியின் உயிர்களுக்கு இது நல்ல காலம், குளிக்கப் போகிறவனுக்கு இதைவிடக் கெட்ட காலம் கிடையாது. வெளியே மரமெல்லாம் துளிர்விட்டு, மனிதர்கள் அரைக்கால் சட்டையில் திரிகிற மே மாதத்தில், ஏரி நாலைந்து டிகிரியில் நின்றுகொண்டிருக்கும்.

பெரிய ஏரிகளில் கரையோரம் மட்டும் சற்று முந்திச் சூடாகும். அங்கேயும் ஒரு தடை உண்டு. கரையோரத்து வெப்பத் தண்ணீரும் நடு ஏரிக் குளிர் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் கலவை சரியாக நாலு டிகிரிக்கு வந்து, கனத்து, அப்படியே கீழே இறங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலி போல அது வாரக்கணக்கில் நிற்கும். கரையில் பத்து டிகிரி என்று நம்பி நீந்திப் போகிறவன் அந்த வேலியைத் தாண்டினால் தெரியும் சேதி.

நாலு டிகிரியைத் தாண்டிய பிறகுதான் உண்மையான கோடை. இனிச் சூடான தண்ணீர் லேசானது, மேலேயே மிதக்கும். ஜூன், ஜூலையில் ஏரி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. மேலே சில மீட்டர் கனத்துக்கு இதமான தண்ணீர், அடியில் பழைய குளிர் தண்ணீர், நடுவில் சில மீட்டருக்குள் சட்டென்று வெப்பம் சரிகிற ஒரு மெல்லிய அடுக்கு. அந்த நடு அடுக்குக்குத்தான் தெர்மோகிளைன் என்று பெயர்.

இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. பங்குனி மதியத்தில் குளத்தின் நடுவே நின்று நீந்தும்போது நெஞ்சுக்கு வெந்நீர் மாதிரியும் உள்ளங்காலுக்குச் சில்லென்றும் இருக்குமே, அதன் பெரிய அண்ணன்தான் இது. நம் குளம் ஆழமில்லாததால் ராத்திரியில் மேல்தண்ணீர் ஆறி, கனத்து, இறங்கி எல்லாம் கலந்துவிடும். அங்கே செப்டம்பர் கடைசி வரை கலக்காது. அதற்கப்புறம் காற்றும் குளிரும் சேர்ந்து மேல் அடுக்கைக் கரைக்கும். இன்னொரு முறை ஏரி புரளும். டிசம்பர், ஜனவரியில் மறுபடி ஐஸ்.

வெயிலுக்கு உச்சம் ஜூன் 21. டொரண்டோவில் அன்று பகல் பதினைந்தரை மணி நேரம். ஏரிக்கு உச்சம் ஆகஸ்ட். இரண்டு மாதம் பின்தங்கி வருகிறது. ஒன்டாரியோ ஏரியின் மேல்தண்ணீரைத் தோராயமாகச் சொன்னால் மார்ச்சில் இரண்டு மூன்று டிகிரி, ஜூன் கடைசியில் பதினைந்தை ஒட்டி, ஆகஸ்டில் இருபது முதல் இருபத்திரண்டு, அக்டோபர் நடுவில் பன்னிரண்டு. மே மாதத்தையும் செப்டம்பரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வெயில் மே மாதத்தில்தான் அதிகம், ஆனாலும் செப்டம்பர் தண்ணீர் பத்து டிகிரிக்கும் மேல் கூடுதலாக இருக்கும். குளிக்கத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் செப்டம்பர் முதல் வாரத்தையே எடுப்பேன்.

ஆடிக் கடலும் ஒன்டாரியோவும்

சரி, ஆகஸ்ட் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று நினைத்தால் அங்கேயும் ஒரு பொல்லாத்தனம் காத்திருக்கிறது. நேற்று 21 டிகிரி இருந்த கடற்கரை மாதிரியான ஏரிக்கரையில் இன்று காலை பத்து டிகிரி! வானம் மாறவில்லை, வெயில் மாறவில்லை. மாறியது காற்று.

இதை விளக்க டொரண்டோவை விட்டு முட்டத்துக்கோ குளச்சலுக்கோ வந்தால் போதும். சித்திரையில் நம் மேற்குக் கரைக் கடல் ஏறக்குறைய 30 டிகிரி, காலை வைத்தால் கஞ்சித் தண்ணீர். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஆடி, ஆவணி வரும்போது அதே கடல் சில டிகிரி குளிர்ந்திருக்கும். மழையால் என்று நாம் நினைக்கிறோம். மழையும் மேகமும் ஒரு காரணம்தான், முக்கிய வேலை காற்றுடையது. கரையை ஒட்டித் தெற்கு நோக்கிக் காற்று விடாமல் வீசும்போது, பூமி சுழல்வதால் மேல்தண்ணீர் நேராகக் காற்றோடு போகாமல் அதன் வலப்பக்கமாக விலகும். இங்கே வலப்பக்கம் என்றால் கரையை விட்டு வெளியே. காலியான இடத்தை நிரப்ப அடியில் இருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறுகிறது. அடித்தண்ணீரில் சத்து அதிகம், அதைத் தின்ன நுண்ணுயிர், அதைத் தின்னச் சாளையும் நெத்திலியும். நம் தட்டில் சாளைப் புளிமுளம் வருவதற்கு இந்தக் குளிர் தண்ணீருக்கும் ஒரு பங்கு நன்றி சொல்லவேண்டும்.

நார்வேக்காரரான நான்சென் 1890களில் வடதுருவப் பயணத்தில், மிதக்கும் ஐஸ் காற்றின் திசைக்கு வலப்பக்கமாகவே விலகிப் போவதைக் கவனித்தார். ஸ்வீடனின் எக்மன் 1905இல் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கு முட்டத்துக்கும் பொருந்தும், டொரண்டோவுக்கும் பொருந்தும். டொரண்டோ ஏரியின் வடகரையில் இருக்கிறது. மேற்குக் காற்று ஒன்றிரண்டு நாள் விடாமல் வீசினால் மேல்தண்ணீர் வலப்பக்கம், அதாவது தெற்கே, கரையை விட்டு நகரும். அடியில் மே மாதத்தில் இருந்து அப்படியே கிடந்த குளிர் தண்ணீர் கரைக்கு ஏறி வரும்.

நம் கரையில் கள்ளக்கடல் என்று சொல்கிறோம் அல்லவா? வானம் தெளிவாக இருக்கும், உள்ளூரில் காற்றே இருக்காது, எங்கோ தெற்கே அடித்த புயலின் அலை திருடன் போல வந்து ஏறும். ஏரியின் இந்தக் குளிரும் அதே வகையறா. கரையில் நின்று பார்த்தால் தெரியாது.

உடம்பு என்ன செய்யும்

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். பதினைந்து டிகிரிக் காற்றில் ஒரு ஸ்வெட்டர் போதும். பதினைந்து டிகிரித் தண்ணீர் வேறு கதை.

கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரில் உடம்பு படும் பாட்டை ஆராய்ந்தவர் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட். தன்னையே பலமுறை ஐஸ் தண்ணீரில் இறக்கிச் சோதித்துக்கொண்ட மனிதர். அவர் சொல்லும் கணக்கு நினைவில் நிற்கும்படி இருக்கிறது: ஒன்று, பத்து, ஒன்று. உறையும் நிலைத் தண்ணீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர. அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்ன பேச்சைக் கேட்கும். உடம்பு விறைத்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும்.

எல்லாரும் பயப்படுவது அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு. ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் முதல் நிமிடம். தோலில் திடீர்க் குளிர் பட்டதும் நம்மைக் கேட்காமலே நெஞ்சு ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரை. அதைத் தொடர்ந்து மூச்சு மேலும் கீழும் வாங்கும், நெஞ்சு படபடக்கும், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். 15 டிகிரிக்குக் கீழே இது கடுமையாக இருக்கும். நீச்சல் தெரிந்திருப்பதால் இதில் ஒரு லாபமும் இல்லை. சொல்லப்போனால் தலைகுப்புறச் சாடுகிற நீச்சல்காரனுக்குத்தான் ஆபத்து. என் மருமகன் இடுப்பளவு தண்ணீரில் காலூன்ற முடிந்ததால் தப்பினான்.

சர்வதேச நீச்சல் போட்டி விதிகளைப் பார்த்தால் ஒரு அளவு கிடைக்கும். குளத்துப் போட்டிக்குத் தண்ணீர் 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்கவேண்டும். ஏரி, கடல் போன்ற திறந்த நீரில் 18க்குக் கீழே உடம்பை மூடும் வெட்சூட் கட்டாயம், 16க்குக் கீழே போட்டியே கிடையாது. பயிற்சியெடுத்த வீரர்களுக்கே இந்த வரம்பு. நம் ஊரில் இருந்து போன பிள்ளைக்கு இருபதுக்குக் கீழே எதுவும் குளிர் தண்ணீர்தான் என்று வைத்துக்கொள்ளலாம். பழகப் பழகத் தாங்கும், ஆனால் அதற்கு வாரங்கள் வேண்டும்.

அவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். போனில் காட்டுகிற வெப்பநிலை காற்றுக்கு உரியது, அதைப் பார்த்து ஏரிக்குப் போகாதே. அமெரிக்க, கனடா அரசுகள் ஏரிகளில் மிதவைகள் விட்டுத் தண்ணீர் வெப்பத்தை அளந்து இணையத்தில் போடுகின்றன, அதைப் பார். சாடாதே, நடந்து இறங்கு, முகத்திலும் பிடரியிலும் முதலில் தண்ணீர் தெளித்துக்கொள். தவறி விழுந்துவிட்டால் நீந்த முயலாமல் மல்லாந்து மித, மூச்சு அடங்கியபிறகு கரையைப் பார். தனியாகப் போகாதே. பெருமழை பெய்தால் இரண்டு நாள் இறங்காதே, நகரத்துச் சாக்கடையெல்லாம் ஏரியில் கலந்திருக்கும். கரையேறியதும் முதல் வேலை ஈரத்துணியை மாற்றுவது. வெளியே வந்து சில நிமிடங்கள் கழித்துத்தான் நடுக்கம் கூடும், உடம்பின் உள்சூடு அப்போதும் கொஞ்ச நேரம் குறைந்துகொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம், உடனே கொதிக்கக் கொதிக்கக் குளிக்கவும் வேண்டாம். கம்பளி, சூடான டீ, அவ்வளவுதான். பீர் கூடாது என்றும் சொன்னேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

அன்று முதல் எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. காலையில் பேப்பர் வந்ததும் பேச்சிப்பாறை எத்தனை அடி, பெருஞ்சாணி எத்தனை அடி என்று பார்ப்பது நாஞ்சில் நாட்டு விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிறவிக் குணம். இப்போது அதோடு ஒன்டாரியோ ஏரி எத்தனை டிகிரி என்றும் பார்க்கிறேன். ஜூன் நடுவில் 12. ஜூலை முதல் வாரம் 17. ஒரு நாள் 20 என்று பார்த்துவிட்டு அக்காவுக்குச் சொல்ல, அடுத்த இரண்டு நாளில் மேற்குக் காற்று வந்து 11 ஆனது. "உனக்கு என்னலே வேலை?" என்று அக்கா சிரித்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் அவன் மறுபடி கூப்பிட்டான். நண்பர்களோடு வடக்கே மஸ்கோகா பக்கம் ஒரு சின்ன ஏரிக்குப் போயிருந்தான். தலை ஈரம், சட்டை இல்லை, பல் தந்தியடிக்கவில்லை. மேலே 23 டிகிரியாம். முதலில் நடந்துதான் இறங்கினானாம், அதை இரண்டு முறை சொன்னான். அப்புறம் நடு ஏரிக்குப் போய் மூன்று ஆள் ஆழத்துக்கு முக்குளித்திருக்கிறான்.

"மேல நம்ம ஊர்க் குளம் மாமா. அடியில கையை நீட்டினா இன்னும் மே மாசமாக்கும்."